விசுவாசியும் நியாயாசனத்துக்கு முன்பாக நிற்பானா? கடைசித் தீர்ப்பும் வருகையின் தேதிக் கணக்குகளும்

கேள்வியின் சாரம் இது: "சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தேன். அங்கே ஒரே கடைசி நாள், ஒரே தீர்ப்பு என்று கற்றேன். இப்போது போகிற சபையில் வரைபடம் மாட்டி இரகசிய வருகை, ஏழு வருஷ உபத்திரவம், ஆயிரம் வருஷ அரசாட்சி, அதற்கப்புறம் வெள்ளைச் சிங்காசனத் தீர்ப்பு என்று போதிக்கிறார்கள். விசுவாசிக்குத் தீர்ப்பே இல்லையாம். எது வேதத்தில் இருக்கிறது? இன்னொரு போதகர் வருகையின் ஆண்டையே கணக்குப் போட்டுச் சொல்கிறார். அதைக் கேட்டு என் தம்பி கல்லூரிப் படிப்பை நிறுத்தப் பார்க்கிறான். என்ன சொல்வது?"

உங்கள் தம்பியின் காரியம்தான் அவசரமானது. ஆனால் அவனிடம் சொல்ல வேண்டியது முதல் இரண்டு கேள்விகளின் பதிலிலிருந்துதான் வரும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

கிறிஸ்தவ சபை முழுவதும் ஒருமனமாய் அறிக்கை செய்வது கொஞ்சம்தான். கிறிஸ்து மகிமையோடே திரும்ப வருவார், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார், மரித்தோர் உயிர்த்தெழுவார்கள், அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் முழுமை பெற்ற நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் இருப்பது இவ்வளவே. கத்தோலிக்கர், லுத்தரன், சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே, பிரதரன் எல்லாரும் இதில் ஒன்று. நிகழ்ச்சிகள் எந்த வரிசையில் வரும் என்பதில்தான் பிரிகிறார்கள்.

நீங்கள் பார்க்கிற வரைபடத்தில் இரண்டு வெவ்வேறு வயதுடைய கருத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆயிரம் வருஷ அரசாட்சி பழையது. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஆதிசபைப் போதகர்களான பாப்பியா, யுஸ்தீன், இரேனியு மூவரும் அதை நம்பினார்கள். ஆனால் அதே யுஸ்தீன், பக்தியும் சுத்தமான விசுவாசமும் உள்ள பலர் வேறுவிதமாக எண்ணுகிறார்கள் என்றும் எழுதிவைத்தார். பிற்காலத்துச் சபை ஆசிரியர் அகுஸ்தீன் முதலில் அந்தக் கருத்தோடு இருந்து, பிறகு மாறி, ஆயிரம் வருஷம் என்பது கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் நடுவிலுள்ள சபையின் காலம் என்று விளக்கினார். மேற்கத்திய சபையில் அந்த விளக்கமே நிலைத்தது. லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை 17ஆம் பிரிவில், உயிர்த்தெழுதலுக்கு முன்பே பக்திமான்கள் உலக ராஜ்யத்தைக் கைப்பற்றுவார்கள் என்ற போதனையைக் கண்டித்தது.

புதியது வேறு. கிறிஸ்து இரண்டு கட்டமாக வருகிறார், முதலில் சபையை எடுத்துக்கொள்ள, ஏழு வருஷம் கழித்து உலகத்துக்கு வெளிப்படையாக, என்ற வரிசை 1830களில் பிரதரன் இயக்கத்தின் ஜான் நெல்சன் டார்பி மூலமாகப் பரவியது. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. வசனத்தின் அடியிலேயே குறிப்பு அச்சாகியிருந்ததால், குறிப்பும் வேதமும் ஒன்றென்று பல வீடுகளில் பதிந்துபோனது. புதியது என்பதாலேயே அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "ஆதிசபை முதல் இதுதான் போதனை" என்று யாராவது சொன்னால் அது உண்மையல்ல.

ஏழு வருஷம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தானியேல் 9:24-27இல் எழுபது வாரங்கள் உண்டு. ஒரு வாரத்தை ஏழு வருஷமாக எண்ணி, 69 வாரங்கள் மேசியாவரைக்கும் முடிந்தன, கடைசி வாரம் இன்னும் வரவில்லை, நடுவே இருப்பது சபையின் காலம் என்று பிரிக்கிறார்கள். அந்த இடைவெளி வசனத்தில் நேராக எழுதப்படவில்லை. ஆனாலும் பிரிக்கிறவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது: 26ஆம் வசனம் மேசியா சங்கரிக்கப்பட்டபின் நகரமும் பரிசுத்த ஸ்தலமும் அழிவதைச் சொல்கிறது. எருசலேம் தேவாலயம் ரோமத் தளபதி தீத்துவின் படையால் அழிந்தது கி.பி. 70இல். அது சிலுவைக்கு ஏறக்குறைய 40 வருஷம் கழித்து. ஏழு வருஷத்துக்குள் அது அடங்காது. ஆகவே எழுபதாவது வாரம் எல்லாருக்குமே கடினமான இடம். கடினமான இடத்தின்மேல் முழுக் கட்டடத்தையும் எழுப்புவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

'இரகசிய' வருகைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1 தெசலோனிக்கேயர் 4:16ஐ வாசித்துப் பாருங்கள்: ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம். இதில் இரகசியம் எங்கே? பவுல் அங்கே கால அட்டவணை எழுதவில்லை. வருகைக்கு முன்பே மரித்துப்போன தங்கள் உறவினர்கள் எதையாவது இழந்துவிடுவார்களோ என்று துக்கித்த ஒரு இளம் சபைக்கு எழுதுகிறார். அதனால்தான் "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று முடிக்கிறார். அடக்க ஆராதனையில் தேற்றுவதற்குத் தரப்பட்ட பகுதியை இளைஞர் முகாமில் நடுங்கவைக்கப் பயன்படுத்துவது பெரிய அநியாயம்.

இனி தீர்ப்பு. வரைபடத்தில் பலவாகப் பிரிப்பார்கள். ஸ்கோஃபீல்டின் குறிப்பில் எண்ணிக்கை ஏழு வரை போகும். பிரிப்பதற்கு இருக்கிற பலமான வசனம் வெளிப்படுத்தின விசேஷம் 20:5: மரித்தவர்களில் மற்றவர்கள் அந்த ஆயிரம் வருஷம் முடியுமளவும் உயிரடையவில்லை. ஒன்றே என்பதற்குப் பலமான வசனம் யோவான் 5:28-29: பிரேதக்குழிகளிலுள்ள அனைவரும் அவருடைய சத்தத்தைக் கேட்கும் காலம் வரும், நன்மைசெய்தவர்கள் ஜீவனுக்கும் தீமைசெய்தவர்கள் ஆக்கினைக்கும் எழுந்திருப்பார்கள். தானியேல் 12:2 அப்படியே இரண்டு கூட்டத்தாரையும் சேர்த்தே பேசுகிறது. அப்போஸ்தலர் 17:31 தேவன் 'ஒரு நாளை' குறித்திருக்கிறார் என்கிறது. மத்தேயு 25:31-46இல் செம்மறியாடும் வெள்ளாடும் ஒரே சிங்காசனத்தின் முன்னே நிற்கின்றன. வெள்ளைச் சிங்காசனத்தின் முன்னும், இரட்சிக்கப்பட்டவர்களின் பெயர்கள் எழுதிய ஜீவபுஸ்தகம் திறக்கப்படுகிறது. அங்கே இரட்சிக்கப்பட்டவர் ஒருவரும் இல்லையென்றால் அதைத் திறப்பானேன் என்பது நியாயமான கேள்வி.

என் முடிவு: கர்த்தரும் பவுலும் நேராகப் போதித்த இடங்களின் வெளிச்சத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தின் தரிசனத்தை வாசிக்க வேண்டும், தரிசனத்தை அளவுகோலாக வைத்து மற்றவற்றை வெட்டக்கூடாது. அப்படி வாசித்தால் ஒரே கடைசித் தீர்ப்பு என்பதே வலுவாய் நிற்கிறது. கத்தோலிக்கர் 'தனித்தீர்வை, பொதுத்தீர்வை' என்று இரண்டு சொல்வது வேறு விஷயம். ஒவ்வொரு ஆத்துமாவும் மரித்தவுடன் சந்திப்பது முதலாவது; கடைசி நாளில் எல்லாருக்கும் வெளியரங்கமாக நடப்பது இரண்டாவது. மரணத்தின்பின் தாமதமில்லை என்பதை 1336இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் பாப்பரசர் அதிகாரபூர்வமாக அறிவித்தார்.

ஒன்றோ பலவோ, விசுவாசி நிற்பானா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் மாறாது. நிற்பான். "நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்திற்கு முன்பாக வெளிப்படவேண்டும்" என்று 2 கொரிந்தியர் 5:10இல் பவுல் தன்னையும் சேர்த்தே சொல்கிறார். ரோமர் 14:10-12 அதையே திரும்பச் சொல்கிறது. வரைபடத்தைக் கவனமாய்ப் போதிக்கிறவர்களும் விசுவாசிக்குக் கிறிஸ்துவின் நியாயாசனம் உண்டு என்றுதான் போதிப்பார்கள். "விசுவாசிக்குத் தீர்ப்பே இல்லை" என்பது அந்த வரைபடத்தையும் தவறாகச் சொல்வது.

சிலர் அதை மென்மையாக்க, அந்த நியாயாசனம் விளையாட்டு வீரர்களுக்குப் பரிசு கொடுக்கிற மேடைபோன்றது மட்டும் என்பார்கள். கொரிந்துவில் அந்த விளக்கம் செல்லாது. அப்போஸ்தலர் 18:12இல் யூதர்கள் பவுலைப் பிடித்துக்கொண்டுபோய் நிறுத்தியது அகாயாவின் அதிபதி கல்லியோனுடைய நியாயாசனத்துக்கு முன்பாக. கி.பி. 51-52 வாக்கில் நடந்த விசாரணை அது. கொரிந்துவின் பொதுச்சதுக்கத்தில் அந்த மேடையைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். கொரிந்து சபையார் தினமும் கடந்துபோன இடம். பவுலின் கடிதத்தைக் கேட்டபோது அவர்கள் மனதில் வந்தது வழக்கு விசாரணைதான். வசனமும் "நன்மைக்காகிலும் தீமைக்காகிலும்" என்று முடிகிறது.

அப்படியானால் கிருபை எங்கே? யோவான் 5:24 விசுவாசிக்கிறவன் ஆக்கினைத்தீர்ப்புக்கு உட்படான் என்கிறதே? இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். கணக்குக் கேட்கப்படுவதும் தண்டனைக்குள்ளாவதும் இரண்டு காரியங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 20:12ஐ நிதானமாய்ப் பாருங்கள்: கிரியைகள் எழுதப்பட்ட புஸ்தகங்கள் திறக்கப்படுகின்றன, 'வேறொரு புஸ்தகமும்' திறக்கப்படுகிறது. 15ஆம் வசனத்தில் முடிவை நிர்ணயிப்பது ஜீவபுஸ்தகம். கிரியைகளின் புஸ்தகங்கள் அந்த மனுஷன் யாராயிருந்தான் என்பதை வெளியே கொண்டுவருகின்றன. எபேசியர் 2ஆம் அதிகாரத்தில், கிருபையினாலே இரட்சிப்பு, கிரியைகளினால் அல்ல என்கிற 8, 9 வசனங்களை மனப்பாடமாய்ச் சொல்கிறவர்கள் 10ஆம் வசனத்தையும் சேர்த்துச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும்: நற்கிரியைகளைச் செய்வதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம்.

மத்தேயு 25ஐ மத்தேயு 7:22-23ஓடு பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 25இல் வலதுபக்கம் நிற்கிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்: ஆண்டவரே, உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டோம்? அவர்கள் கையில் பட்டியல் இல்லை. 7இல் நிற்கிறவர்கள் பட்டியலோடு வருகிறார்கள்: தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அநேக அற்புதங்களைச் செய்தோம். "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்று பதில் வருகிறது. ஆண்டவர் எண்ணிச் சொன்ன ஆறு காரியங்களில் ஒன்றுக்கும் அற்புத வரம் தேவையில்லை. பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், வஸ்திரம் இல்லாதவனுக்குத் துணி, வியாதிக்காரனை விசாரிப்பது, காவலில் இருப்பவனைப் போய்ப் பார்ப்பது. முதல் நான்கையும் சபைகள் ஓரளவு செய்கின்றன. கடைசியிலுள்ள சிறைச்சாலைச் சந்திப்பைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிட்டோம்; சொந்த சபைக் குடும்பத்தின் பையன் சிறைக்குப் போனால் அந்த வீட்டுக்குள் போகவே தயங்குகிறோம்.

1 கொரிந்தியர் 3:12-15இல் பொன், வெள்ளி, மரம், புல், வைக்கோல் என்று வருகிற அக்கினிப் பரீட்சை, முதலாவது ஊழியக்காரருக்கு எழுதப்பட்டது. 5ஆம் வசனத்திலிருந்து பேச்சு பவுலையும் அப்பொல்லோவையும் பற்றியது, கட்டுகிறவர்கள் அவர்கள். தன் கட்டடம் வெந்துபோனவன் நஷ்டமடைவான், ஆனால் இரட்சிக்கப்படுவான். யாக்கோபு 3:1ம் போதகர்கள் அதிக ஆக்கினை அடைவார்கள் என்கிறது. தேதி சொல்லி ஜனங்களைக் கலக்குகிறவர்கள் வாசிக்க வேண்டிய இடங்கள் இவை.

தேதிக் கணக்குக்கு வருவோம். எல்லாக் கணக்கிலும் மூன்று பாகங்கள் இருக்கும்: ஒரு தொடக்க ஆண்டு, ஒரு எண், எண்ணை வருஷமாக மாற்றும் விதி. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் விவசாயி தானியேல் 8:14இன் 2300 நாட்களை 2300 வருஷமாக எடுத்து, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843 என்றார். பூஜ்ஜிய வருஷம் கிடையாது, கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, ஆகவே ஒன்று கூட்டவேண்டும் என்பது பிறகு தெரிந்தது, 1844 ஆனது. கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாளும் குறித்தார்கள். பயிரை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு. அந்த நாள் மற்ற நாட்களைப்போலவே கடந்தது. அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்ட் கேம்பிங் ஜலப்பிரளயத்தை கி.மு. 4990இல் வைத்து 7000 வருஷம் கூட்டினார்; சிலுவை மரணத்தை கி.பி. 33 ஏப்ரல் 1இல் வைத்து 7,22,500 நாட்களையும் கூட்டினார். 5, 10, 17 ஆகிய மூன்றையும் பெருக்கி, வந்ததை அதனாலேயே மறுபடி பெருக்கினால் வருகிற எண் அது. இரண்டும் 2011 மே 21இல் சந்தித்தன. அதற்கு முன் 1994ஐயும், பின் 2011 அக்டோபர் 21ஐயும் சொன்னார். 2012இல் தான் செய்தது பாவமென்று ஒப்புக்கொண்டார். கொரியாவில் டாமி மிஷன் 1992 அக்டோபர் 28 என்றது. வேலையை விட்டார்கள், சொத்தை விற்றார்கள். அதன் தலைவரிடம் அந்தத் தேதிக்குப் பிறகு முதிர்வடையும் பத்திரங்கள் இருந்தன. மோசடிக் குற்றத்தில் சிறைக்குப் போனார்.

கூட்டல் கழித்தல் சரியாகவே இருக்கும். அதனால்தான் படித்தவர்களும் நம்புகிறார்கள். உடைவது விதியில். ஒரு நாள் ஒரு வருஷம் என்பதற்கு எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6 இரண்டையும் காட்டுவார்கள். அங்கே தேவனே அந்தச் சம்பவத்துக்கு மட்டும் அப்படிச் சொன்னார். எங்கும் பொருந்தும் விதியென்றால் வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆயிரம் வருஷத்தையும் லட்சக்கணக்கான வருஷமாக்க வேண்டும். அதை ஒருவரும் செய்வதில்லை. இன்னொரு பிரபலமான கணக்கு, வருகையின் அடையாளமாக ஆண்டவர் உவமையில் சொன்ன அத்திமரம். அது இஸ்ரவேல், 1948இல் துளிர்விட்டது, ஒரு சந்ததி 40 வருஷம், ஆகவே 1988. அது தவறியபின் சந்ததியை 70, 80 என்று நீட்டினார்கள். லூக்கா 21:29இல் அதே உவமையில் ஆண்டவர் "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்கிறார். மற்ற மரங்களெல்லாம் எந்த நாடு? வசந்தம் வருவதை மரத்தைப் பார்த்து அறிகிறதுபோல என்பதே உவமை.

வெளிப்படுத்தின விசேஷம் 13:18 மிருகத்தின் எண்ணாகச் சொல்கிற 666ம் அப்படியே. எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'நேரோன் கேசார்' என்பதை எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200. கூட்டினால் 666. பெயரின் கடைசி 'ன்'ஐ விட்டு எழுதினால் 616. சில பழைய கைப்பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. இரண்டு எண்ணுக்கும் ரோமப் பேரரசன் நீரோ பொருந்துவது கவனிக்கத்தக்கது. இரண்டாம் நூற்றாண்டு இரேனியுவோ சில பெயர்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றையும் உறுதியாய்ச் சொல்ல மறுத்தார். இப்போதே தெரியவேண்டிய பெயரானால் யோவானே சொல்லியிருப்பார் என்றார். பார்கோடில் 666 ஒளிந்திருக்கிறது என்பதற்குக் காரணம், ஓரங்களிலும் நடுவிலும் உள்ள எல்லைக்கோடுகள் 6க்குரிய கோடுகளைப்போலத் தெரிவது. ஒரு இலக்கத்துக்கு ஏழு அலகு அகலம் தேவை. ஓரக்கோட்டுக்கு மூன்று, நடுக்கோட்டுக்கு ஐந்து. அவை எண்ணே அல்ல, ஸ்கேனருக்குத் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுகிறவை. தடுப்பூசியிலோ அட்டையிலோ தெரியாமல் மிருகத்தின் முத்திரை விழுந்துவிடுமோ என்ற பயத்துக்கு வெளிப்படுத்தின விசேஷம் 14:9 போதும்: மிருகத்தை வணங்கி, முத்திரையைத் தரித்துக்கொள்ளுகிறவன் என்றுதான் இருக்கிறது. வணங்காமல் தற்செயலாய் ஒருவனும் அதில் சிக்குவதில்லை. அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் இன்னொரு கூட்டத்தாரின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. அதைப் பிரசங்கிக்கிறவர்கள் குறைவு.

இப்போது தம்பி. அவனோடு வாதாடாதீர்கள். பயத்தில் இருக்கிறவனிடம் வாதம் ஏறாது. அந்தப் போதகர் சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்த ஆண்டில் தொடங்குகிறது, எந்த எண், எந்த விதி. எழுதும்போதே எங்கே தாவுகிறது என்று அவனுக்குத் தெரியும். பிறகு எரேமியா 28, 29 அதிகாரங்களைச் சேர்ந்து வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டதெல்லாம் இரண்டு வருஷத்தில் திரும்பிவிடும் என்று நாள் குறித்தான். கர்த்தர் சொன்னது 70 வருஷம். அனனியா அந்த வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்துபோனான். அடுத்த அதிகாரத்தில் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதுகிறார்: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், விவாகம்பண்ணுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். தெசலோனிக்கேயாவிலும் வேலை செய்யாமல் திரிந்தவர்கள் இருந்தார்கள். வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதியது அந்தச் சபைக்குத்தான். கர்த்தருடைய நாள் வந்துவிட்டதென்று சொல்லக் கேட்டால் "உடனே சஞ்சலப்படாமலும் கலங்காமலும்" இருங்கள் என்று எழுதியதும் அதே கடிதத்தில்.

அவன் கேட்காவிட்டாலும் டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்க மட்டும் விடாதீர்கள். வாங்கிவிட்டால் திரும்பச் சேர்வது கடினம். துறைத்தலைவரைப் பார்த்து விடுப்புக்கு வழி கேளுங்கள். அவன் பெயரில் கடனோ காணிக்கை வாக்குறுதியோ இருக்கிறதா என்று மெதுவாய் விசாரியுங்கள். தேதி நெருங்க நெருங்கப் பணம் கேட்பதுதான் இப்படிப்பட்ட கூட்டங்களின் வழக்கம். தூக்கமில்லாமல், சாப்பிடாமல், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்களோ என்று பதறுகிற அளவுக்கு வந்திருந்தால், ஜெபத்தோடு கூட மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

வெளிப்படுத்தின விசேஷத்தை அவன் துண்டு துண்டாகக் காணொளிகளில்தான் கேட்டிருப்பான். அதை ஒரே அமர்வில் சத்தமாய் வாசிக்கலாம். ஒன்றரை மணி நேரம் போல ஆகும். அதற்கு முன் தானியேல் 7, மாற்கு 13, தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டு நிருபங்கள் என்ற வரிசையில் முடித்திருந்தால், அதிலுள்ள மிருகங்களும் கொம்புகளும் எங்கிருந்து வந்தவை என்று விளங்கும். மாற்கு 13:32 வரும்போது நிறுத்தி அவனையே வாசிக்கச் சொல்லுங்கள்: "அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான், பரலோகத்திலுள்ள தூதர்களும் அறியார்கள், குமாரனும் அறியார்."